கம்ப்யூட்டர் சயின்ஸுக்குன்னு தனி கட்டடம் கட்டறாங்களாம், காசு குடுக்கலாமா வேணாமா

பாலக்கோட்டான்:

வணக்கம் மக்களே. நான் படிச்ச காலேஜு நம்ம தர்மபுரி பக்கந்தான், பேர் வேணாம். 2009 பேட்ச். போன வாரம் பழைய ஸ்டூடண்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்புல ஒரு பிடிஎஃப் வந்து விழுந்துச்சு. கம்ப்யூட்டர் சயின்ஸுக்குன்னே தனியா ஒரு பில்டிங், கீழ போக மூணு மாடி, முன்பக்கம் முழுக்க நீலக் கண்ணாடி, வாசல்ல ஃபவுண்டன், கீழ 300 பேர் ஒக்கார்ற செமினார் ஹால், மேல நாலு லேப்பு, மொட்டமாடிக்கு அடியில ஆராய்ச்சிக்குன்னு ஒரு ரூமு. மொத்தம் நாலு கோடி ஆகுமாம், பழைய ஸ்டூடண்ட்ஸ் ஆளுக்கு 25 ஆயிரம் குடுங்கன்றாங்க. குடுக்கறவங்க பேர கிரானைட்ல வெட்டுவாங்களாம். நம்மூர்ல கிரானைட்டுக்கு என்ன பஞ்சம்.

எங்க காலத்துல லேப்பு மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்புக்கு மேல மாடியில இருந்துச்சு. கீழ லேத் ஓட ஆரம்பிச்சா மேல மானிட்டர் லேசா ஆடும், பழைய குண்டு மானிட்டர். வாசல்ல 60 ஜோடி செருப்பு கெடக்கும், பிராக்டிகல் அன்னிக்கி ரெண்டும் எடது காலா மாட்டிக்கிட்டு காரிமங்கலம் வரைக்கும் பஸ்ல போனவன் எங்க செட்டுல இருக்கான். அதனால தனி எடம் வேணும்னு எனக்கும் ஆசதான். ஆனா அந்த படத்த பாத்ததுல இருந்து என்னமோ உறுத்துது. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில எங்க ஆபீசும் இப்டித்தான், வெளிய கண்ணாடி, உள்ள எவனும் எவனோடயும் பேசறதில்ல. நீங்க என்னா சொல்றீங்க?

ராயக்கோட்டை தக்காளி:

குடுக்காத தல. அந்த காசுல ரெண்டு புள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டு, புண்ணியம். சிவில்காரனுக்கு கான்கிரீட் க்யூப் ஒடைக்க மிஷினு வேணும், கெமிஸ்ட்ரிக்கு புகை போற கூண்டு வேணும், நமக்கு என்னய்யா வேணும், லேப்டாப், சார்ஜர், நெட்டு. மத்ததெல்லாம் எவன் ஊர்லயோ இருக்கற சர்வர்ல ஓடுது. நான் பைத்தான்ற ப்ரோக்ராம் மொழிய கத்துக்கிட்டதே எங்கப்பாவோட மண்டியில லாரி வர்ற வரைக்கும் தக்காளி பொட்டி மேல ஒக்காந்து செல்லுல பாத்துதான். இன்னிக்கி ஓசூர்ல வேலையில இருக்கேன். எந்த கட்டடமும் எனக்கு சொல்லிக் குடுக்கல.

பென்னாகரத்துப் பொண்ணு:

தக்காளி அண்ணா, நீங்க கத்துக்கிட்டீங்க சரி. ஆனா கத்துக்கறது வேற, இதுவரைக்கும் யாரும் செய்யாதத செய்யறது வேற. ரெண்டாவதுக்கு பக்கத்துல ஆளு வேணும்.

இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டியோட பழைய கம்ப்யூட்டர் லேப்ல ட்ரோஜன் ரூம்னு ஒண்ணு, அதுக்கு வெளிய காபி மிஷினு. மத்த மாடியில இருக்கறவங்க எறங்கி வந்து பாத்தா ஜாடி காலியா இருக்கும், வெறுத்துப் போயி திரும்புவாங்க. 1991ல ஜாடிக்கு எதிர ஒரு கேமராவ மாட்டி, 128க்கு 128 சைஸ்ல ஒரு கருப்பு வெள்ளப் படம் அவங்கவங்க ஸ்க்ரீன்ல ஒரு மூலையில தெரியற மாதிரி பண்ணிட்டாங்க. 1993ல அத அப்டியே வெப்ல விட்டாங்க, உலகத்துல மொத வெப்கேம்னு இன்னிக்கும் அதத்தான் சொல்றது. 2001ல லேப்பு ஊருக்கு நடுவுல இருந்து மேற்குப் பக்கம் புதுசா கட்டின கட்டடத்துக்கு மாறுச்சு, கேமராவ ஆஃப் பண்ணாங்க, அந்த ஜாடிய ஏலத்துல ஒரு ஜெர்மன் பத்திரிகைக்காரங்க 3,350 பவுண்டுக்கு எடுத்தாங்க. ஆளுக்கொரு ரூமுல ஆளுக்கொரு காபி மிஷினு இருந்திருந்தா இது நடந்திருக்காது.

நான் இப்ப வெளி மாநிலத்துல பிஎச்டி பண்றேன். எங்க டிபார்ட்மெண்ட்ல படிக்கட்டு திரும்பற எடத்துல ஒரு வெள்ள போர்டு, பழசு, அழிச்சாலும் பச்சைக் கறை போகாது. ஒரு ப்ரூஃப்ல, அதான் கணக்கு நிரூபணத்துல, மூணு வாரமா மாட்டிக்கிட்டு கெடந்தேன், ஒரு நாள் கடுப்புல அதுல எழுதிட்டு டீ குடிக்க போயிட்டேன். திரும்பி வந்தா எவனோ நாலாவது வரிய சுத்தி வட்டம் போட்டு, இது எப்படி வந்துச்சுன்னு எழுதி வெச்சிருக்கான். தப்பு அங்கதான் இருந்துச்சு. எழுதுனவன் வேற குரூப்பு, நெட்வொர்க் பண்றவன், எங்கூட அதுவரைக்கும் பேசினதே இல்ல. வீட்ல லேப்டாப்போட ஒக்காந்திருந்தா அந்த வட்டத்த யாருண்ணா போட்டிருப்பா?

ராயக்கோட்டை தக்காளி:

படிக்கட்டும் போர்டும்தான மேட்டரு? அதுக்கு எதுக்கும்மா நாலு கோடி?

அதியமான்கோட்டை:

நல்லா கேட்டீங்க. அமெரிக்காவுல எம்ஐடின்னு ஒரு யுனிவர்சிட்டி சொல்றமே, அங்க 1943ல, ரெண்டாம் உலகச் சண்ட நடந்துக்கிட்டு இருக்கறப்ப, ரேடார் ஆராய்ச்சிக்குன்னு அவசரமா ஒரு மரக் கட்டடத்த கட்டினாங்க. சண்ட முடிஞ்சதும் இடிச்சிடலாம்னுதான் கணக்கு. பேரு கூட வெக்கல, பில்டிங் 20, அவ்ளோதான். வெயில் காலத்துல வேகும், குளிர் காலத்துல நடுங்கும், எந்த ரூமு எங்க இருக்குன்னு புதுசா வந்தவனுக்கு தெரியாது. ஆனா 1998 வரைக்கும் நின்னுச்சு, 55 வருஷம். ஏன்னா அத யாரும் மதிக்கல, அதுதான் அதோட பலம். செவுத்துல ஓட்ட போடணுமா, போடு, எவனயும் கேக்க வேணாம். அணுக் கடிகாரம் செஞ்சவரு ஒருத்தரு எடம் பத்தலன்னு மேல் மாடித் தளத்தையே வெட்டி எடுத்துட்டாரு. நோம் சாம்ஸ்கின்றவரு மொழியியல்ல ஆராய்ச்சி பண்ணது அந்த கட்டடத்துல ஒக்காந்துதான். ரயில் பொம்ம ஓட்டற பசங்க கிளப்பு ஒண்ணு அதுக்குள்ள இருந்துச்சு, ஹேக்கர்ன்ற வார்த்த கம்ப்யூட்டர் உலகத்துக்கு வந்ததே அந்த பசங்க பேச்சுல இருந்துதான்.

அத இடிச்ச எடத்துலதான் 2004ல ஸ்டாட்டா சென்டர்னு ஒண்ணு தொறந்தாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ், செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சிக் கூடம் அதுலதான் இருக்கு. ஃப்ராங்க் கெரின்னு பெரிய ஆர்க்கிடெக்ட், செவுரெல்லாம் சாஞ்சி, நெளிஞ்சி, குடிச்சிட்டு நிக்கற மாதிரி. செலவு சுமார் 30 கோடி டாலர். மூணே வருஷம், 2007ல எம்ஐடியே அந்த ஆர்க்கிடெக்ட் மேலயும் கட்டின கம்பெனி மேலயும் கேஸ் போட்டுச்சு, தண்ணி ஒழுகுது, பூஞ்ச பிடிக்குது, வெளி மேடையில விரிசல், பனிக்கட்டி மேல இருந்து விழுதுன்னு. 2010ல பேசி முடிச்சிக்கிட்டாங்க.

அதுக்காக அந்த புதுசு மோசம்னு நான் சொல்ல வரல. கீழ் தளத்துல பெரிய தெரு மாதிரி ஒரு நடைபாத விட்டாங்க, யார் வேணா நடக்கலாம், குழந்தைங்க காப்பகம் கூட அதுக்குள்ளயே இருக்கு, மொழியியல்காரங்களையும் தத்துவம் படிக்கறவங்களையும் அதே கூரைக்குள்ள கொண்டாந்து வெச்சாங்க. பழைய கட்டடத்தோட குணத்த கொஞ்சமாச்சும் காப்பாத்தணும்னு நெனச்சிருக்காங்க. பாலக்கோட்டான் தம்பி, உங்க பிடிஎஃப்ல நடைபாத எத்தன அடி அகலம்னு போட்டிருக்குதா?

பாலக்கோட்டான்:

பாத்தேன் சார். 6 அடி. ரெண்டு பக்கமும் ரூமு, நடுவுல 6 அடி, ஜன்னல் இல்ல. ஹெச்ஓடி, அதான் துறைத் தலைவர், அவரு ரூமு மட்டும் 20க்கு 18.

மாம்பழ மண்டி:

நான் எலக்ட்ரிக்கல் காண்ட்ராக்டர், கிருஷ்ணகிரி. ரெண்டு மூணு காலேஜுக்கு லேப் ஒயரிங் பண்ணியிருக்கேன், அந்த அனுபவத்துல சொல்றேன், நீங்க தத்துவம் பேசறீங்க, எனக்கு அந்த பிளான கேட்டதும் வயித்த கலக்குது.

மொதல்ல லேப்ப மேல் மாடியில வெக்கறதே தப்பு. ஒரு லேப்ல 60 சிஸ்டம், ஒண்ணு 150 வாட்டுன்னு வெச்சிக்க, 9 கிலோவாட். 60 புள்ளைங்க, ஒரு ஆளு சும்மா ஒக்காந்திருந்தாலே 100 வாட் சூடு விடும், அது ஒரு 6. மொத்தம் 15 கிலோவாட் சூடு. ஒரு டன் ஏசி வெளிய தள்ளற சூடு 3.5 கிலோவாட். அப்ப நாலரை டன்னு சும்மாவே வேணும், இதுல மொட்டமாடி வெயிலு சேரல, அந்த நீலக் கண்ணாடி சேரல. அந்த கண்ணாடி எந்த தெச பாத்து இருக்குதுன்னு கேட்டு சொல்லு, மேற்கா இருந்துச்சுன்னா சித்திர மாசம் மூணு மணிக்கு உள்ள ராகி களி கிண்டலாம், அடுப்பு வேணாம்.

ரெண்டாவது யுபிஎஸ் பேட்டரி. ஒரு பேட்டரி 20 கிலோ, இருவது பேட்டரி ஒரே ஸ்டாண்டுல அடுக்குனா 400 கிலோ ஒரே எடத்துல நிக்குது, நாலு லேப்புக்கு நாலு ஸ்டாண்டு. சார்ஜ் ஏறும்போது லேசா ஹைட்ரஜன் விடும், காத்து போக வழி வேணும். இத படிக்கட்டுக்கு அடியில பூட்டி வெச்சிட்டு மேல ஒரு சாமி படத்தையும் மாட்டி ஊதுவத்தி கொளுத்துன எடத்த நான் என் கண்ணால பாத்திருக்கேன்.

மூணாவது கேபிளு. காப்பர் லேன் ஒயர் 100 மீட்டர் தாண்டக் கூடாது. அதனால மாடிக்கு ஒரு சின்ன நெட்வொர்க் ஸ்விட்ச் ரூமு விடணும், ஒயர் ஏறி எறங்க ஒரு குழி விடணும், கட்டும்போதே. இல்லன்னா பூச்சு வேல முடிஞ்சப்பறம் எங்கள கூப்ட்டு செவுத்த கொத்த சொல்லுவாங்க, அதுக்கு தனி பில்லு, எனக்கு லாபந்தான், ஆனா பாவம்.

கடைசியா, ஆராய்ச்சி ரூமுன்னு சொன்னியே. இன்னிக்கி ஏஐ ஆராய்ச்சின்னா எட்டு ஜிபியு, அதான் ஏஐ கணக்கு போடற சிப்பு, போட்ட ஒரு பெரிய சர்வரு, அது ஒண்ணே சுமார் 10 கிலோவாட் குடிக்கும். அத்தனையும் சூடாத்தான் வெளிய வரும். ராவும் பகலும் மூணு டன் ஏசி அதுக்கு மட்டும் ஓடணும். அஞ்சு மணிக்கு மெயின் ஸ்விட்ச் எறக்கிட்டு வீட்டுக்கு போற காலேஜுல அத எப்டி வெப்பாங்க? கேளு.

வத்தல்மலை வாத்தி:

மண்டி சொன்னது முழுக்க சரி. நான் ரிட்டயர்டு வாத்தியார், 1982ல மெட்ராஸ்ல படிச்சவன். அன்னிக்கி கம்ப்யூட்டர்ன்றது ஒரு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கற தெய்வம். ஏசி அதுக்கு, வேர்வை நமக்கு. ப்ரோக்ராம அட்டையில ஓட்டையா போட்டு, கட்டு கட்டி, ரப்பர் பேண்டு போட்டு ஜன்னல்ல குடுத்துட்டு வரணும், மறுநா போனா காகிதத்துல பதில் வரும், ஒரு கமா விட்டுப் போச்சுன்னு. ஆனா பாருங்க, அந்த ஜன்னல் முன்னாடி கியூவுல நின்னப்பதான் நாங்க ஒருத்தரோட ஒருத்தர் பேசி எல்லாத்தையும் கத்துக்கிட்டது. ஒரு தடவ என் கட்டு கீழ விழுந்து சிதறிப் போச்சு, 200 அட்ட, முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் கூட ஒக்காந்து வரிசை பண்ணிக் குடுத்தான், குடுக்கும்போதே உன் லூப்பு, அதான் திரும்பத் திரும்ப ஓடற பகுதி, முடியவே முடியாது பாத்தியான்னான்.

பேர் வெட்டற விஷயத்துக்கு வரேன். பில் கேட்ஸ் காலேஜ முடிக்காம போனவரு, ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டடங்கள்ல அதிகமா மாட்டியிருக்கற பேரு அவரோடதாத்தான் இருக்கும். அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டியில 1996ல ஒண்ணு, கார்னகி மெலன் யுனிவர்சிட்டியில 2009ல ஒண்ணு, சியாட்டில்ல வாஷிங்டன் யுனிவர்சிட்டியில 2019ல ஒண்ணு. பென்னாகரத்துப் பொண்ணு சொன்ன கேம்பிரிட்ஜ் கட்டடத்துக்கு அவங்க அப்பா பேரு. அவரு படிப்ப விட்ட ஹார்வர்டுல இருக்கறதுக்கு அவங்க அம்மா பேரும், கூட பணம் குடுத்த மைக்ரோசாஃப்ட் ஸ்டீவ் பால்மரோட அம்மா பேரும் சேத்து மேக்ஸ்வெல் டுவார்கின்னு வெச்சாங்க, ரெண்டு பேருக்குமே அம்மா பொறந்த வீட்டுப் பேரு. அது எனக்கு ரொம்ப புடிச்சிருந்துச்சு. டியூப்லைட்ல உபயம்னு எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஊரு நம்முளுது.

கார்னகி மெலன்ல இன்னொண்ணு. அந்த கேட்ஸ் கட்டடத்துல இருந்து ஒரு பாலம் போகுது, ராண்டி பாஷ்ன்ற பேராசிரியர் பேர்ல, ராத்திரி கலர் கலரா லைட்டு எரியும். போய் சேர்ற எடம் நாடகத் துறை. கம்ப்யூட்டர்காரனும் கூத்துக்காரனும் ஒண்ணா வேல செய்யணும்னு பாடுபட்டவரு அவரு, 2008ல கேன்சர்ல போயிட்டாரு. அங்க ரோபோ ஆராய்ச்சி நிலையத்த 1979ல தொடங்கி மொத இயக்குநரா இருந்தது ராஜ் ரெட்டி, நம்ம பக்கத்து சித்தூர் மாவட்டத்துல பொறந்து, 1958ல கிண்டி இன்ஜினியரிங் காலேஜுல படிச்சு முடிச்சது சிவில். கம்ப்யூட்டர் சயின்ஸோட பெரிய விருதான டூரிங் விருது 1994ல. சிவில் படிச்சவர உள்ள விட்டதாலதான் அது நடந்துச்சு. உங்க காலேஜுல மெக்கானிக்கல் பையன் கம்ப்யூட்டர் பிளாக்குக்குள்ள வந்தா என்ன பண்ணுவாங்க?

பாலக்கோட்டான்:

ஐடி கார்டு கலர பாத்து வெளிய அனுப்புவாங்க சார். நான் படிக்கும்போது அதான். இப்பவும் அதான்னு தம்பி சொல்றான், அங்கதான் மூணாவது வருஷம் படிக்கறான்.

ராயக்கோட்டை தக்காளி:

ஸ்டான்ஃபோர்டு கேட்ஸ் பில்டிங்னா கூகுள ஆரம்பிச்ச பசங்க இருந்த எடந்தான? ஹார்ட் டிஸ்க் அடுக்க லெகோ பொம்மக் கட்டையில பொட்டி செஞ்சாங்கன்னு படிச்சிருக்கேன், 4 ஜிபி டிஸ்க் பத்து. இப்ப என் செல்லுல அத விட அதிகம். பணம் இருந்த காலேஜுலயே பொட்டிக்கு பொம்மக் கட்டதான். சரி, நான் பாதி எறங்கி வரேன். கட்டடம் வேணும், கண்ணாடியும் ஃபவுண்டனும் வேணாம்.

பென்னாகரத்துப் பொண்ணு:

எல்லாரும் செவுரு, ஏசி, பேருன்னு பேசறீங்க, எனக்கு ஒரே ஒரு கேள்விதான். எத்தன மணிக்கு பூட்டுவாங்க?

நான் யுஜி படிச்சது நம்ம பக்கந்தான், பேர் சொல்லல. லேப்பு நாலே முக்காலுக்கு பூட்டிடும், காலேஜ் பஸ் 4:50. அத விட்டா ரோட்டுக்கு நடந்து வந்து டவுன் பஸ்ஸு, பஸ்ஸ்டாண்டுல எறங்கி பென்னாகரம் பஸ் புடிச்சி, அங்கிருந்து எங்க ஊருக்கு கடைசி பஸ் ஏழரைக்கு. ஒரு நாள் கோடு ஓடற நேரத்துல பூட்டிட்டாங்க, நெட்வொர்க் சிமுலேஷன், ரெண்டு மணி நேரம் ஓடணும், லேப் அசிஸ்டண்ட் அண்ணன் நல்லவருதான், பாவமா பாத்துட்டு பவர ஆஃப் பண்ணாரு. மறுநா மொதல்ல இருந்து. அடுத்த நாளும் அதே. அப்டி எட்டு நாள் போச்சு. கடைசில என் கிளாஸ் பையன் ஒருத்தன், ஹாஸ்டல்ல இருக்கறவன், அவன் சொந்த சிஸ்டத்துல ராத்திரி ஓட்டி பென் டிரைவ்ல குடுத்தான். பசங்க ஹாஸ்டல்ல அது முடியும். பொண்ணுங்க ஹாஸ்டல்ல ஆறு மணிக்கு ரோல் கால்.

இப்ப நான் இருக்கற எடத்துல என் ஐடி கார்ட காட்டுனா விடியக்காலம் மூணு மணிக்கும் கதவு தொறக்கும். கட்டடம் ஒண்ணும் அழகில்ல, ஒரு பக்கம் செவுத்துல அரசங்கன்னு மொளச்சிருக்கு. ஆனா மூணு மணிக்கு போனாலும் எவனாச்சும் இருப்பான்.

பாலக்கோட்டான்:

இத படிச்சிட்டு நேத்து சாயங்காலம் ஹெச்ஓடிக்கே போன் போட்டேன். என் கிளாஸ் எடுத்தவருதான், மரியாதையாத்தான் பேசினாரு. புது பில்டிங் எத்தன மணி வரைக்கும் சார் தொறந்திருக்கும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்பறம், "ஆபீஸ் டைம் தாம்பா, அவ்ளோ சாமான் இருக்குதில்ல, யாரு பொறுப்பு"ன்னாரு. சாவி யார்கிட்ட இருக்கும்னு கேட்டேன், ஆபீஸ்லதான்னாரு.

அப்பதான் எனக்கு இவ்ளோ நாளா உறுத்துனது என்னன்னு புரிஞ்சிது. அந்த படத்துல ஆளே இல்ல. வாசல்ல ஒரு காரு நிக்குது, தென்ன மரம் ரெண்டு இருக்குது, ஆகாசத்துல பறவ கூட இருக்குது.

ராத்திரி ஒக்காந்து ஒரு கணக்கு போட்டேன். எங்க பேட்ச்சுல 40 பேரு குடுத்தா 10 லட்சம். சாயங்காலம் அஞ்சுல இருந்து ஒம்போது வரைக்கும் இருக்க ஒரு லேப் அசிஸ்டண்ட், மாசம் 12 ஆயிரம். புள்ளைங்கள பஸ்ஸ்டாண்டு வரைக்கும், தூரமா இருக்கறவங்கள ஊரு வரைக்கும் கொண்டு விட ஒரு வேனு, மாசம் 25 ஆயிரத்துக்கு பேசலாம். வருஷத்துக்கு நாலரை லட்சத்துக்கு கொஞ்சம் கம்மி. ரெண்டு வருஷத்துக்கு இப்ப இருக்கற பழைய லேப்பயே ஒம்போது மணி வரைக்கும் தொறந்து வெக்கலாம், லேத் மேல ஆடுற அதே லேப்ப. ஆளு வருதான்னு பாப்போம், வந்தாங்கன்னா அவங்கள கேட்டு பிளான் போடட்டும். இத குரூப்புல போட்டேன். ஏழு பேரு சரின்னாங்க, ஒருத்தன் கிரானைட்ல பேரு வருமா வராதான்னு கேட்டான்.

வத்தல்மலை வாத்தி:

ஹெச்ஓடி மேல கோவப்படாதீங்க. ஒரு மவுஸ் காணாம போனா ஸ்டாக் ரெஜிஸ்டர்ல அவரு கையெழுத்து. நானும் 30 வருஷம் அந்த ரெஜிஸ்டருக்கு பயந்து பூட்டினவன்தான். அவருக்கு எழுத்துல குடுங்க, சாமான் போனா பழைய மாணவர் சங்கம் பொறுப்புன்னு. அப்பறம் பாருங்க.

மாம்பழ மண்டி:

வேன் கணக்கு இடிக்குது தம்பி, டீசல் விக்கற வெலைக்கு 25 ஆயிரத்துல வராது, 32 வெச்சிக்க. அப்பறம் பழைய லேப்புக்கு ராத்திரி ஏசி வேணாம், வெயிலு எறங்கிடும், எக்ஸாஸ்ட் ஃபேனு ரெண்டு போதும், அது நான் போட்டுத் தரேன், என் பேரு எங்கயும் வெட்ட வேணாம். பிளான் பேப்பர எப்ப பாக்க போற?

பாலக்கோட்டான்:

சனிக்கெழம காலைல. ஹெச்ஓடி பத்து மணிக்கு வர சொன்னாரு. நீங்களும் வரீங்களா அண்ணா? பாலக்கோடு பஸ்ஸ்டாண்டுல ஒம்போதரைக்கு நிக்கறேன்.

மாம்பழ மண்டி:

வண்டியிலயே வரேன். டேப்பு எடுத்தாரேன், அந்த 6 அடி நடைபாதய அளந்து காட்டணும் அவருக்கு.

பென்னாகரத்துப் பொண்ணு:

அண்ணா, அப்டியே பொண்ணுங்க ஹாஸ்டல் ரோல் கால் டைமும் கேட்டுட்டு வாங்க. ஒம்போது மணி வரைக்கும் லேப் தொறந்திருந்தும் ஆறு மணிக்கு உள்ள போயிடணும்னா, வேன்ல பாதி சீட்டு காலியாத்தான் போகும்.